கண்ணாடிப் பெட்டித் தீட்டு

"ஒரு தோட்டத்துக்கு ஒரு பொம்பளதான். வியட்நாமுக்கு எட்டு நாளு. அங்கயும் தேயிலத் தோட்டம் இருக்கு, அங்கத்த பொம்பளைங்க எப்படி வேல செய்றாங்கன்னு போய்ப் பாக்கணும். ராக்காயி அக்கா, நீங்கதானே?"

தொழிற்சங்கத்து நிரோஷன், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று இப்படிக் கேட்டபோது அவன் கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது. மாதர் சங்கத் தலைவி ராக்காயிதான். பதினொரு வருடமாக மாரியம்மன் திருவிழாவில் முதல் பால்குடம் தூக்குகிறவளும் அவள்தான்.

"ஐயோ, எனக்கெதுக்குத் தம்பி அதெல்லாம்?" என்றாள் ராக்காயி.

அப்படிச் சொல்வதுதான் மரியாதை. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்றால் கையை இலைக்கு மேலே நீட்டி மறைப்பதில்லையா, அதுபோல. மறுபடி கேட்பார்கள். மூன்றாம் தரம் கெஞ்சுவார்கள். "சரி, இவ்வளவு பேரு சொல்றீங்க" என்று அப்போது தலையை ஆட்டினால் போதும்.

நிரோஷன் கொழும்பில் படித்தவன். அவனுக்கு ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான்.

"அப்ப வேற யாரு?"

"நான் போறேன்" என்றாள் பேச்சியம்மா.

முதுகில் கொழுந்துக் கூடை அப்படியே தொங்கியது. அதை இறக்கி வைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. பதினொரு வருடமாக ராக்காயிக்குப் பின்னால் இரண்டாம் குடம் தூக்கி வந்தவள், ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராக்காரி, நடுவில் ஒரு சுவர் மட்டும். "அக்கா, நீங்க வேணாங்கிறீங்கதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி சட்டியை அடுப்பில் வைத்த சத்தத்திலேயே புருஷன் முத்துலிங்கத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"நீதானேடி வேணாம்ன?"

"வேணாம்னா, விட்டுருவாங்களா?"

"வேணாம்னா விடத்தானே செய்வாங்க?"

"நீங்க பேசாம இருங்க."

பேச்சியம்மா போன எட்டு நாளும் ராக்காயிக்கு எட்டு மாதமாக இருந்தது. பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடந்ததால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதியே அவளைத் தின்றது. மழை பெய்தால், "அவ இருக்கிற எடத்துல வெயிலு அடிக்குமா?" என்று கேட்பாள். கொழுந்து பறிக்கையில் அட்டை கடித்தால், "அவளுக்கு இப்ப அட்டையும் இல்ல" என்பாள்.

திரும்பி வந்த மறுநாளே பேச்சியம்மா மலைக்கு வந்துவிட்டாள். தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். ரொட்டியை யாரும் தொடவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் வீரம்மா. எதையும் நேராகக் கேட்டுவிடுகிற வாய் அவளுக்கு.

"ஏ பேச்சி, செத்தவர வச்சிருக்காங்களாமே, அந்த நாட்டுத் தலைவர? பாத்தியா?"

பேச்சியம்மா கொஞ்ச நேரம் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்."

"நெசமாவா! எப்ப செத்தாரு?"

"அம்பது வருசத்துக்கு மேல ஆச்சாம்."

"அம்பது வருசமா! நாறலியா?"

"நாறுறதா? உள்ள காலு வைக்கையிலயே சில்லுன்னு இருக்கு, நம்ம தொரை பங்களா குசினில பெரிய ஐஸ் பெட்டியத் தொறந்த மாதிரி. மலை மாதிரி கல்லுக் கட்டடம். வாசல்ல வெள்ள உடுப்புப் போட்ட காவக்காரன். ரெண்டு ரெண்டு பேரா வரிசையா போகணும். பேசப்படாது. சிரிக்கப்படாது. சட்டப் பையில கைய விடப்படாது. தொப்பியக் கழட்டணும். நிக்கவும் ஏலாது, நடந்துக்கிட்டேதான் பாக்கணும்."

"இது நாம காலையில வரிசையில நிக்கிற பெரட்டுக் களத்த விட மோசமா இருக்கே" என்றாள் வீரம்மா.

"இரு, சொல்ல விடு. நடுவுல கண்ணாடிப் பெட்டி. மேல ஒரு மஞ்ச வெளிச்சம். தாடி வெள்ளயா, சீவி விட்ட மாதிரி. கை ரெண்டும் இப்படி. நெகம்கூட வெட்டி வச்சிருக்காங்க. தூங்குறாப்லயேதான் இருக்காரு."

"தூங்குற ஆம்பளையப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்றாள் ராக்காயி. "என் வீட்டுக்கு வந்திருந்தா காசில்லாமக் காட்டியிருப்பேனே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அடுத்த நொடியே தலைகள் பேச்சியம்மா பக்கம் திரும்பிவிட்டன.

"பேரு சொல்லியா கூப்பிடுறாங்க அவர?"

"சேச்சே. மாமான்னுதான் கூப்பிடுறாங்க. நாங்களும் மாமான்னுதான் சொன்னோம். இன்னொண்ணு கேளுங்க. என்ன எரிச்சிருங்கன்னுதான் அந்த மனுசன் எழுதி வச்சாராம். ஜனங்களுக்கு மனசு வரல்ல. வச்சிக்கிட்டாங்க."

"ஐயோ பாவம்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராக்காயியின் மாமியார் செத்தபோதுகூட இவள் கண்ணைத் துடைத்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கதைதான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு தரம், மடுவத்தில் ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை மேல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு தரம். கதை வளர்ந்தது. வெள்ளை உடுப்புக் காவல்காரன் பேச்சியம்மாவின் சேலையைப் பார்த்துத் தலையைக் குனிந்தான் என்று ஒரு நாள் சேர்ந்தது. ராக்காயி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கூடாது என்று ரேடியோவைத் திருகுவாள், அப்புறம் ஒரு வார்த்தை தவறிப்போகுமே என்று ரேடியோவைக் குறைப்பாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் திருவிழாக் காப்புக் கட்டுக்கு ஐந்து நாள் இருக்கையில் கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி வந்து ராக்காயி வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே சரியில்லை, பாதிப் பெஞ்சில்.

"ராக்காயி, ஒண்ணும் நெனச்சிக்காத. இந்த வருசம் மொதல் கொடத்த பேச்சி தூக்கட்டும்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க. வெளிநாடு போயிட்டு வந்தவ. அவ முன்னால வந்தா மேல் பிரிவு, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சனமெல்லாம் வந்து பாக்கும். நம்ம தோட்டத்துக்குத்தானே பேரு?"

ராக்காயி சிரித்தாள். சிரிப்பு தானாக வந்தது, பாம்பு படம் எடுக்கிற மாதிரி.

"தூக்கட்டும்ணே. நல்ல மனுசி. ஆனா ஒரு சந்தேகம். பொணத்தப் பாத்துட்டு வந்தவ ஆத்தாவுக்குப் பால் தூக்கலாமா?"

"அதான் குளிச்சிட்டாளே. எத்தன நாளு ஆச்சு!"

"குளிச்சாத் தீர்றது எரிச்ச பொணம். இது இன்னும் கெடக்குல்ல? எரிக்கல்ல, பொதைக்கல்ல, கருமாதி நடக்கல்ல. எரிங்கன்னு அந்த மனுசனே சொல்லியும் எரிக்கல்ல. சாவே இன்னும் முடியலண்ணே. எழவு வீட்டுல இருந்து பாதியில எழுந்து வந்தவளுக்கு எப்படித் தீட்டுக் கழியும்?"

செல்லசாமி மோவாயைச் சொறிந்தார்.

"அது வேற நாட்டுப் பொணம்மா."

"தீட்டுக்கு என்ன பாஸ்போட்டா வேணும்? அதுமட்டுமா, மாமான்னு மொறை வேற சொல்லிட்டு வந்திருக்கா. அவ வாயாலயே சொன்னா, கேட்டுப் பாருங்க. மாமன் பொணம் வீட்டுல கெடக்கையில மருமக கோயிலுக்கு வருவாளா?"

மறுநாள் சாயந்திரம் கோயில் வாசலில் கமிட்டி கூடியது. பாதித் தோட்டம் வந்து நின்றது. செல்லசாமி பேச்சியம்மாவை நடுவில் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா, நேராச் சொல்லு. நீ உள்ள போயி அந்தப் பொணத்தக் கண்ணால பாத்தியா, இல்ல வெளிய நின்னு கும்பிட்டியா? வெளிய நின்னிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. கொடம் ஒனக்குத்தான்."

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். வீரம்மா நின்றாள். மலையில் அவளோடு பறிக்கிற அத்தனை பேரும் நின்றார்கள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"உள்ள போனேன்" என்றாள். "பாத்தேன்."

"மாமான்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப என்னால ஒண்ணும் செய்ய ஏலாது" என்று செல்லசாமி துண்டை உதறினார். "ராக்காயி, வழக்கம் போல நீயே தூக்கிரு. பேச்சி, நீ திருவிழா முடியுற வரைக்கும் கோயில் பக்கம் வராத."

அன்றைக்கு ராக்காயி முத்துலிங்கத்துக்குக் கருவாடு பொரித்தாள்.

இரண்டு நாள் கழித்து மஞ்சள் சேலை வாங்க ஹட்டனுக்குப் போனவள், பஸ் நிலையத்துப் பக்கம் நிரோஷனைக் கண்டாள். பெண்களைக் கூட்டிப் போய் வந்த அவனுக்கும் வியட்நாம் போனதன் புளகாங்கிதம் இன்னும் அடங்கவில்லை. நடுரோட்டிலேயே போனை நீட்டினான்.

"பாருங்கக்கா, இதுதான் அங்கத்த தேயில. இது நாங்க தங்குன எடம். இது அந்தத் தலைவரோட மண்டபம். பேச்சியக்கா எங்க நிக்கிறாங்க பாருங்க."

பெரிய சாம்பல் நிறக் கட்டடம். அதற்கு வெகு தூரத்துக்கு முன்பே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பேச்சியம்மா, கையில் சுருட்டிய குடையோடு. முகம் வீங்கியிருந்தது.

"ஏன் தம்பி அழுதிருக்கா?"

"அத ஏன் கேக்குறீங்க. நாங்க போன அன்னிக்கு வெள்ளிக்கெழம. அன்னிக்கு அடைப்பாம், எங்களுக்குத் தெரியல்ல. மறுநாள் விடிய ஏர்போட்டுக்குப் போகணும். கூட வந்த அகரபத்தனைத் தோட்டத்துக்காரங்க பரவால்லன்னு விட்டுட்டாங்க. பேச்சியக்காதான் கயித்தப் புடிச்சிக்கிட்டு நகர மாட்டேன்னுட்டாங்க. மொழி சொல்ற பொண்ணு பாவப்பட்டு, உள்ள எப்படியிருக்கும்னு ஒரு மணி நேரம் விளக்கமாச் சொல்லிக்கிட்டு இருந்தா."

ராக்காயிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை. நிரோஷன் பயந்தே போனான். ஓடு, இப்பவே ஓடு, வீரம்மாவிடம் சொல், மடுவத்தில் சொல், மேல் பிரிவுக்கு ஆள் அனுப்பு என்று காலெல்லாம் பரபரத்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே போகவில்லை என்றால் பிணத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் தீட்டில்லை. தீட்டில்லை என்றால் குடம் அவளுக்கு.

"தம்பி" என்றாள் ராக்காயி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "இத எங்க தோட்டத்துல யாருகிட்டயும் சொல்லிராத."

"ஏங்க்கா?"

"பாவம்ல அவ."

நிரோஷன் நெகிழ்ந்துபோனான். "ஒங்க மனசு யாருக்குங்க்கா வரும்" என்றான்.

மறுநாள் மத்தியானம் பீலிக்கரையில் பேச்சியம்மா தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். ராக்காயி வாளியை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"வெள்ளிக்கெழம அடைப்பாமே?"

துணி கையை விட்டு நழுவித் தண்ணீரோடு கொஞ்ச தூரம் போனது. பேச்சியம்மா எட்டி அதைப் பிடித்தாள். பிழிந்தாள். உதறினாள். பிறகுதான் பேசினாள்.

"நிரோஷன் தம்பியா?"

"யாரா இருந்தா என்னா? கமிட்டி முன்னாடி ஏன்டி பாத்தேன்ன? இல்லன்னிருந்தா கொடம் ஒன் தலையில இருந்திருக்குமே."

"இருந்திருக்கும். எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்களேக்கா." பேச்சியம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "வந்த அன்னிக்கு வீரம்மா கேட்டா. பூட்டியிருந்துச்சுன்னு சொல்லத்தான் நெனச்சேன். அம்புட்டுப் பேரும் ரொட்டியக் கீழ வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒங்களுக்கு அது பழகிப்போன விசயம். எனக்கு அதுதான் மொத தடவ. பதினோரு வருசம் ஒங்க குதிகாலப் பாத்துக்கிட்டே நடந்திருக்கேன். எந்த வெடிப்பு எங்க இருக்குன்னு சொல்லவா?"

"என் குதிகாலப் பத்தி நீ பேசாத."

"சரி, பேசல்ல. போயிச் சொல்லப் போறீங்களா?"

ராக்காயி வாளியைப் பீலிக்கு அடியில் தள்ளினாள்.

"சொல்ல மாட்டீங்க" என்றாள் பேச்சியம்மா. அவள் குரலில் லேசாக ஒரு சந்தோஷம் தட்டுப்பட்டது. "சொன்னா கொடம் போயிரும்."

"கொடம் எங்கிட்ட இருக்கிற வரைக்கும் நீ என்ன வேணும்னாலும் அளந்துக்க. எனக்கென்னா."

எனக்கென்னா என்று சொன்னவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

திருவிழா அன்று காலையில் மழை இல்லை. ஆற்றங்கரையில் முப்பத்தொரு குடம். மஞ்சள் நீரும் வேப்பிலையும் மணத்தன. முதல் குடக்காரிக்கு மட்டும் மூச்சும் எச்சிலும் பாலில் படக் கூடாது என்று வாயை மஞ்சள் துணியால் கட்டுவார்கள். ஆற்றிலிருந்து சந்நிதி வரை ஒரு பேச்சு பேசக் கூடாது. குடத்தைத் தரையில் வைக்கவும் கூடாது. செல்லசாமி துணியைக் கட்டிவிட்டு, "ஆத்தாள நெனச்சிக்கம்மா" என்றார். தப்பு மேளம் முழங்கியது.

ராக்காயி முன்னால் நடந்தாள். புதுச் சேலை. நிமிர்ந்த கழுத்து. மேல் பிரிவுச் சனம் ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்குமே, போன வருடம் போல, "அந்தா வாறாங்க" என்று கையெடுத்துக் கும்பிடுமே.

ரோட்டில் ஆளே இல்லை.

வளைவு திரும்பியதும்தான் தெரிந்தது. கோயில் எல்லைக்கு வெளியே, சின்னப் பாலத்துக் கட்டையில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். தலை நனைய முழுகி, வெளுத்த சேலை கட்டி, தள்ளியிருக்க வேண்டியவள் தள்ளித்தான் இருந்தாள். அவளைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து வந்தவர்களும்கூட. தப்புச் சத்தம் கேட்டதும் ஓரிருவர் திரும்பிக் குடத்தைப் பார்த்து ஒப்புக்குக் கும்பிட்டார்கள். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"அப்புறம்? பெட்டிக்கிட்ட வந்ததும்?"

"வந்ததும் என்னா, நடந்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றது பேச்சியம்மாவின் குரல். அவள் ராக்காயியைப் பார்த்துவிட்டாள். குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "நான் தலமாட்டக் கடக்கையில அவரு கண்ணு லேசாத் தொறந்திச்சு. சத்தியமா. முன்னால போனவளப் பாக்கல்ல. பின்னால வந்தவளப் பாக்கல்ல. என்ன மட்டும்தான் பாத்தாரு."

"ஆ!" என்றது கூட்டம்.

ராக்காயியின் கால் நின்றுவிட்டது. பின்னால் முப்பது குடமும் ஒன்றின் மேல் ஒன்று இடிக்காத குறையாக நின்றன.

"நட அக்கா, என்ன நின்னுட்ட?" என்றாள் பின்னால் வந்த வீரம்மா.

ராக்காயி ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாய்த் துணியைக் கீழே இழுத்தாள்.

"பொய்! உள்ளயே போகல்ல அவ! வெள்ளிக்கெழம பூட்டியிருந்திச்சு! கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதிட்டு வந்தவ! நிரோஷன் போன்ல படம் இருக்கு, போயிப் பாருங்க!"

தப்பு நின்றது. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

செல்லசாமி தலையில் கை வைத்தார். "அடிப் பாவி, வாயத் தொறந்திட்டியே."

அப்போதுதான் ராக்காயிக்குத் தான் செய்தது தெரிந்தது. குடத்தை இறுகப் பிடித்தாள்.

"ரெண்டு வார்த்ததான்ணே."

"ரெண்டா பேசுன? இனி ஒன் தலையில அது சந்நிதிக்குப் போகாது. கீழயும் வைக்க ஏலாது. யார் தலையில மாத்துறது? முழுகி வந்தவங்க எல்லார் தலையிலயும் கொடம் இருக்கே!"

யாரும் சொல்லாமலே எல்லாரும் பாலத்தைப் பார்த்தார்கள். முழுகிய தலையோடு, வெறும் தலையோடு, ஒருத்திதான் இருந்தாள். செல்லசாமி அவள் எதிரே போய் நின்றார்.

"பேச்சி, இப்பவாவது நேராச் சொல்லு. கமிட்டி மொதல்ல சொன்னது ஒன்னத்தான். தீட்டுன்னுதான் நிறுத்துனோம். பாத்தியா, பாக்கல்லியா?"

பேச்சியம்மா கட்டையிலிருந்து இறங்கினாள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். ஒருத்தி இன்னும் கையைக் கன்னத்தில் வைத்தபடியே இருந்தாள், அடுத்த வார்த்தைக்காக. அவளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள்.

"பூட்டியிருந்திச்சு" என்றாள்.

கூட்டத்தில் யாரோ "த்சொ" என்றார்கள்.

செல்லசாமி வேப்பிலையில் மஞ்சள் நீரைத் தொட்டு அவள் தலையில் தெளித்தார். கையில் காப்பைக் கட்டினார். ராக்காயி அசையவில்லை. "குனிம்மா" என்று அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. குனிந்தாள். பாரம் தலையிலிருந்து தலைக்குப் போனது. மஞ்சள் துணி பேச்சியம்மாவின் வாயை மூடியது. மூடுவதற்கு முன்னால் அவள் எதையோ சொல்ல வந்தது போலிருந்தது.

தப்பு மறுபடி முழங்கியது. முப்பத்தொரு குடமும் ராக்காயியைக் கடந்து மேட்டில் ஏறின. கடைசிக் குடமும் போன பிறகு அவள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். காலியான தலை கழுத்தில் நிற்காமல் ஆடுவது போலிருந்தது.

ஊர்வலத்தோடு போவார்கள் என்று நினைத்த சனம் போகவில்லை. ஒவ்வொருத்தியாக நெருங்கி வந்தாள்.

"ஏங்க்கா, நெசமாவே உள்ள விடலியா?"

"ஒங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிச்சு?"

"கயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதாளா? எப்படி அழுதா?"

"அப்ப கண்ணு தொறந்தது?"

கன்னத்தில் கை வைத்தவள் ராக்காயியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது அறுபது முகம். எல்லாம் அவள் வாயைப் பார்த்தபடி. ராக்காயி வாயைத் திறந்தாள். பார்வை மட்டும் மேட்டிலேயே நின்றது, முன்னால் போகிற அந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சின் மேல்.

"சொல்லுங்கக்கா!"

"இருங்கடி, சொல்றேன். அவ கொடத்த நேராத்தான் புடிச்சிருக்காளான்னு பாத்துக்கிறேன்."